சாம்பிள் பன்

"இது ஒத்து வராது சுப்பு. சாம்பிளைப் பாரு, இதைப் பாரு."

மயில்சாமி இடது கையில் ஒரு பன்னும் வலது கையில் ஒரு பன்னுமாக பேக்கரி வாசலில் நின்றார். இடது கைப் பன் சென்னியப்பனின் அடுப்பிலிருந்து அப்போதுதான் வந்தது. மேலே வெண்ணெய் மினுங்கியது, உள்ளே சீஸ் உருகி ஓரத்தில் எட்டிப் பார்த்தது. வலது கைப் பன் தட்டையாக, விறைப்பாக, ஒரு மாதிரி வாசனையோடு இருந்தது. அதுதான் சாம்பிள்.

"நல்லாத்தானுங்க இருக்குது?" என்றாள் அவர் மனைவி சுப்புலட்சுமி. பேக்கரி முதலாளி சென்னியப்பனும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். காலையிலிருந்து அடுப்பை இவர்களுக்கே விட்டுக்கொடுத்த மனிதர் அவர்.

"நல்லாருக்குதான்னு கேக்கலை. ஒண்ணா இருக்குதான்னு கேக்கறேன்."

மயில்சாமி ரத்தினசாமி முதலாளியின் பனியன் கம்பெனியில் மேனேஜர். திருப்பூர் பனியன் கடல் தாண்டலாமா என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்த எழுபதுகள் அவை. வியாழக்கிழமை ஜெர்மனியிலிருந்து ஒரு துரை வருகிறார். அவர் ஆர்டர் கொடுத்தால் மிஷின் எல்லாம் ஓடும். கொடுக்காவிட்டால் பாதி ஆட்களை வேலையை விட்டு நிறுத்தவேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். யார் யார் என்று பொறுக்கி எடுத்து முகத்துக்கு நேரே சொல்லவேண்டிய வேலை மயில்சாமியுடையது. அதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை வந்த மெட்ராஸ் ஏஜென்ட் போகிற போக்கில் சொன்னார்: "சாயங்காலம் சின்னதா ஒரு பார்ட்டி வச்சிடுங்க. அவங்க ஊர் டிபன். குட்டி குட்டி பன்னை நடுவுல வெட்டி, சீஸும் காயும் அடுக்கி, மேல வெண்ணெய் தடவி, தட்டோட அடுப்புல வச்சு எடுக்கணும். மனுஷன் அதுக்கு உயிரையே விடுவார்."

அவர் விட்டுப்போன சீமை பனியன் பார்சலைப் பிரித்தால், பனியன்களுக்கு அடியில் காகிதத்தில் சுற்றி நாலு பன், பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. மயில்சாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாம்பிளே குடுத்துட்டுப் போயிருக்கறாரு!"

பனியன் தொழிலில் சாம்பிள் என்றால் வேதவாக்கு. சாம்பிளில் கழுத்து கோணலென்றால் நம் பனியனிலும் கோணலாகத்தான் இருக்கவேண்டும். பல வருஷம் முன்னால் ஒரு சாம்பிளின் கை கோணலைப் பார்த்து மயில்சாமி பொறுக்காமல் நேராக்கித் தைக்கச் சொல்ல, பம்பாயிலிருந்து லாட் முழுசும் திரும்பி வந்தது. அன்றைக்கு நிறுத்தினார் 'நல்லாருக்குதா' என்று கேட்பதை. கண் இருந்தும் கண்ணால் பார்க்கக் கூடாது, சாம்பிளால்தான் பார்க்கவேண்டும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பிழைப்பு அப்படி.

"ஏனுங்க, அது வழியில கெட்டுப் போயிருக்குமுங்களோ?" சுப்புலட்சுமி மெல்லக் கேட்டாள்.

"சாம்பிளைக் கெட்டதுன்னு சொல்றதுக்கு நாம யாரு?"

சொல்லிவிட்டு இடது கைப் பன்னை ஒரு கடி கடித்தார். முதலில் வெண்ணெய், அப்புறம் அரைத்த கடுகின் காரம், அதற்குள் சீஸ், கடைசியில் ஒரு துணுக்குப் பச்சைமிளகாய். கண் தானாக மூடிக்கொண்டது. இன்னொரு கடி கடித்தார். பன் முழுவதும் தீர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டார்.

"ரிஜெக்ட்."

ரிஜெக்ட் ஆனதையெல்லாம் சுப்புலட்சுமி கம்பெனிக்குக் கொண்டுபோய் ஆட்களுக்குக் கொடுத்தாள். பனியனில் குறை பார்க்கும் செக்கிங் வேலாத்தாள் மூன்று தின்றுவிட்டு, "இதுல என்ன டேமேஜுங்கக்கா?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அடுத்த தட்டு வந்ததும் மயில்சாமி முதலில் உயரத்தைப் பிடித்தார். சாம்பிள் பாதி உயரம்தான். இஸ்திரி போடும் வீரனைக் கூப்பிட்டார்.

"வீரா, இதை அமுக்கோணும்."

"பன்னைங்களா?"

"பனியனை அமுக்கற மாதிரியே அமுக்கு. கருகாம."

வீரன் பன்மேல் ஈரத் துணி போட்டுக் கரி இஸ்திரிப்பெட்டியை வைத்தான். பன் படிந்தது, உயரம் சரியாகிவிட்டது. ஆனால் துணியை எடுத்தால் பன்மேல் பனியன் பின்னல் அச்சாக விழுந்திருந்தது.

"சாம்பிள்ல பின்னல் இல்லியே!" மயில்சாமி தலையில் கை வைத்தார்.

பின்னலை மறைக்க சாயமாஸ்டர் கன்னையன் வந்தார். சாம்பிளை வெயிலில் பிடித்துப் பார்த்தார், நிழலில் பிடித்துப் பார்த்தார். "டீத் தண்ணியில வெல்லம் போட்டா இந்த ஷேடு வருமுங்க" என்றார். வந்தது. அச்சு அசலாக வந்தது. கூடவே ஊரிலிருந்த ஈயும் வந்தது.

ஈ மொய்க்காமல் இருக்க மொட்டை மாடியில், நனைத்த பனியன்களுக்குப் பக்கத்தில் காயப்போட்டார்கள். சாயங்காலம் எடுத்துத் தட்டினால் மரச்சத்தம் கேட்டது. எல்லாரும் பயந்துபோய் மயில்சாமி முகத்தைப் பார்த்தார்கள். அவர் சாம்பிளையும் தட்டிப் பார்த்தார். அதே சத்தம்! மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது.

வாசனை ஒன்றுதான் பாக்கி. அதற்குப் புளித்த மோரில் நனைத்த துணியைப் போட்டு மூடினார்கள். வியாழன் காலையில் திறந்தபோது வீரன் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். மயில்சாமி கண்ணை மூடிக்கொண்டு, சாம்பிளை அவற்றோடு கலக்கச் சொன்னார். கண்ணைத் திறந்து தேடினார். எது சாம்பிள் என்று அவருக்கே தெரியவில்லை.

"பாஸ்!" என்றார்.

"ஆளுங்களுக்கும் இன்னைக்கு பேக்கரியில ஒரு தட்டு போடச் சொல்லியிருக்கறனுங்க" என்றாள் சுப்புலட்சுமி. "வேலாத்தா கேட்டுக்கிட்டே இருக்கறா."

"போடு, போடு. ரிஜெக்ட்தானே" என்றார் மயில்சாமி. வாழ்க்கையில் அவ்வளவு தாராளமாக அவர் இருந்ததில்லை.

சாயங்காலம் துரை வந்தார். கம்பெனி முற்றத்தில் மேசை போட்டு, புது பனியன் துணியை விரித்திருந்தார்கள். முதலாளி, ஏஜென்ட், துரை மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பரிமாறுவது சுப்புலட்சுமி பொறுப்பு. மயில்சாமிக்குக் கிட்டே நிற்கத் தைரியமில்லை. மிஷின் ரூமுக்குள் போய்க் கதவிடுக்கில் பார்த்தார். துரையின் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

அப்போதுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. இத்தனை நாளில் ஒரு தடவைகூட, பாஸான பன்னில் ஒன்றை நான் தின்று பார்க்கவில்லையே? தின்பேனா? மாட்டேன். நாய்க்குப் போடக்கூட மனசு வராது. நான் வாயில் வைக்காததை, கடல் தாண்டி வந்த மனுஷனுக்கு எப்படி வைத்தேன்? உள்ளே வேலாத்தாளும் கன்னையனும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நாளைக்கு இவர்களிடம் எந்த முகத்தோடு போய் நிற்பேன்? ஓடிப்போய்த் தட்டைப் பிடுங்கிவிடலாம் என்று கதவைத் தள்ளினார்.

அதற்குள் துரை கடித்துவிட்டார்.

முதலாளி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். துரையின் முதுகு அசையவில்லை. பிறகு அவருடைய கை மெல்ல நீண்டு தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்தது. அப்புறம் இன்னொன்று. பிறகு பெரிதாக ஒரு சிரிப்பு.

கொஞ்ச நேரத்தில் முதலாளி வேட்டியைத் தூக்கிக்கொண்டு மிஷின் ரூமுக்குள் ஓடிவந்தார்.

"மயிலு! ஆர்டர் கெடச்சிருச்சு! அவங்கம்மா சுட்ட மாதிரியே இருக்குதாம், இந்தக் காரம் மட்டும் அதைவிட நல்லாருக்குதாம். தட்டு காலி! ஒரு ஆளையும் நிறுத்த வேண்டாம், இன்னும் சேத்தோணும்!"

மயில்சாமிக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. வேலாத்தாளைப் பார்த்துச் சிரித்தார். அவள் ஏனென்று தெரியாமல் திருப்பிச் சிரித்தாள். நிறுத்தவேண்டாம், யாரையும் நிறுத்தவேண்டாம். ஒரு நிமிஷம் முன்னால் பட்ட பயத்தை நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்.

சுப்புலட்சுமி காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா சுப்பு? கெட்டுப் போச்சுன்னு சொன்னியே! நம்ம நாக்கை நம்பியிருந்தா இன்னைக்கு என்ன ஆயிருக்கும்? எப்பவுமே சாம்பிள்னா சாம்பிள்தான்."

"ஆமாங்க" என்றாள் அவள், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த நேரம் பார்த்து வீரன் மூக்கைப் பொத்தியபடி உள்ளேயிருந்து வந்தான்.

"மேனேஜருங்க, நாம அமுக்கி வெச்ச பன்னு அத்தனையும் இன்னும் என்ற இஸ்திரி மேசையிலயே நாறிக்கிட்டு கெடக்குதுங்க, எப்பத்தானுங்க தொரைக்கு எடுத்துட்டு வாரது?"