அருவியை ஜாமீனில் விட்ட ஏட்டையா

தென்காசி வட்டாரத்தில் படுத்துக்கொண்ட எந்த வீட்டு இன்டர்நெட்டும், நெட் ஏட்டையாவின் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடும். கண்ணால் பார்த்தவன் நான், சத்தியம் செய்யத் தயார்.

போலீஸ் ஒயர்லெஸ்ஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. கம்ப்யூட்டர் பார்க்க வந்தாலும் அவருக்கு அது ஒரு வழக்குதான். வீட்டில் இருப்பவர்களை வரிசையாக நிறுத்தி, நோட்டில் வாக்குமூலம் வாங்காமல் வயரைத் தொடமாட்டார். கடையநல்லூரில் ஒரு வீட்டில், துபாயிலிருந்து பேசும் மாப்பிள்ளையின் முகம் தினமும் பாதியில் நின்றுபோனது. விலை உயர்ந்த சாமானாயிற்றே என்று மாமியார் ரவுட்டரை இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். "நிரபராதியைச் சிறை வச்சிருக்கிய" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் ஏட்டையா சாவியைக் கேட்டாராம்.

போன வருஷம் சாரல் சமயத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்களுக்கு மூன்று கம்ப்யூட்டர், ஒரே கனெக்‌ஷன். ஒன்று என் மனைவி சுமதியுடையது. சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறாள். இன்னொன்று என்னுடையது. மூன்றாவது ஹாலில், வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும். எதைத் திறந்தாலும் ஊர்ந்தது. மீட்டிங்கில் சுமதி திறந்த வாயோடு அப்படியே நின்றுவிடுவாள். "வெள்ளிக்கிழமை மீட்டிங்கும் இப்படி ஆனால் சென்னைக்கே வந்துவிடுங்கள்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அவளுக்குத் தென்காசியை விட்டுப் போக மனசில்லை. எனக்கு அவளை விட்டு இருக்கத் தெரியாது.

"மூணையும் அணைங்க. ஒவ்வொண்ணா கூப்பிட்டு விசாரிப்போம்" என்றார் ஏட்டையா.

ஒன்றை மட்டும் போட்டு, ஒரே பக்கத்தைத் திறந்து, வாய்விட்டு எண்ணினார். சுமதியுடையது இரண்டில் திறந்தது. என்னுடையது மூன்றில். ஹால் கம்ப்யூட்டர் பதினேழைத் தாண்டியது. அதோடு சேர்த்துப் போட்டதும் சுமதியுடையதும் படுத்தது.

"ஆம்புட்டுக்கிட்டான். என்னத்தையோ விடாம மேல ஏத்துதான். ஆரு சொல்லி ஏத்துதான்?"

தலையைச் சொறிந்தேன். குற்றாலத்தில் குளிக்க வந்து எங்கள் வீட்டில் தங்கும் சொந்தக்காரர்களின் வீடியோவெல்லாம் அதில் சேர்ந்து, தானாக நெட்டில் ஏறும்படி வைத்த மகராசன் நான்தான். அதற்காக எல்லோரிடமும் பாராட்டு வேறு வாங்கியிருந்தேன்.

"தம்பி, அஞ்சருவி பூரா ஒங்க வீட்டு வயர் வழியா ஏறிக்கிட்டு இருக்கு. அந்தப் பிள்ளை குரலுக்கு எங்கன வழி இருக்கும்?"

சுமதி என்னைப் பார்த்த பார்வையை அவர் நோட்டில் எழுதவில்லை. புண்ணியவான்.

"அழிச்சிரவா?" என்றேன்.

"எதுக்கு? சொந்தபந்தம் சந்தோசமா குளிச்சது ஒரு குத்தமா? ஜாமீன்ல விடுதேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் வெளிய போவணும்."

அப்படியே நேரம் குறித்து செட்டிங்கை மாற்றினார். ஜாமீன் கையெழுத்து நான் போட்டேன்.

வெள்ளிக்கிழமை கூப்பிடாமலே வந்து, ஹால் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். சுமதி ஒரு மணி நேரம் தடங்கலில்லாமல் பேசினாள். அறையிலிருந்து வெளியே வந்து, "இங்கனயே இருக்கலாம்னுட்டாங்க, ஏட்டையா" என்றாள். அவர் "வழக்கு முடிந்தது" என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அன்றிலிருந்து நெட் பறக்கிறது. அவரைக் கூப்பிடத்தான் காரணம் கிடைக்கவில்லை. போன வாரம் பொறுக்கமாட்டாமல், "நெட்டு ஸ்லோவா இருக்கு" என்று போன் போட்டேன். வந்தார், எண்ணினார், ஒன்றிலேயே திறந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்து "பொய்ப் புகார்" என்று எழுதி நோட்டை மூடினார்.

"இலை போட்டாச்சா, தாயி?" என்றார் சுமதியிடம்.

மூன்று பேருக்கும் முன்பே போட்டு வைத்திருந்தாள்.