என் சாவுக்கு வந்து திரும்பிப் போன தங்கைக்கு

நெய்வேலி, வட்டம் 18,
செவ்வாய்க்கிழமை.

குள்ளஞ்சாவடியில் குடியிருக்கும் என் கூடப்பிறந்த தங்கை கலியம்மாளுக்கு உன் அக்கா ராஜாம்பாள் எழுதுவது. இங்கே நானும், மகன் சுதாகரும், மருமகள் சந்திரகலாவும், பேத்தி சத்யப்பிரியாவும் சாமி புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்க எனக்கு மனசில்லை. ஆனாலும் கடிதம் என்றால் முதலில் அதைக் கேட்டுவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று மூன்றாம் வகுப்பு வாத்தியார் சொன்னார். அதற்கு மேல் நான் படிக்கவில்லை, அதனால் கேட்டுவிட்டேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் உன்னால் முடியாது.

விஷயம் என்னவென்றால், போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தேகால் மணிக்கு நீ எங்கள் தெரு முனை வரைக்கும் வந்து, என்னைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனதை நான் பார்த்தேன். அது நான் இல்லை என்று சொல்லாதே. மாம்பழக் கலர் சேலை. இடது காலைச் சாய்த்து வைக்கிற அந்த நடையை எத்தனை கூட்டத்தில் விட்டாலும் எனக்குத் தெரியும். நான் செத்துப்போன சேதி உன் காதுக்கு எப்படி வந்தது என்பதை நாலு பேர் நாலு விதமாகச் சொல்லியிருப்பார்கள். நடந்ததை நடந்தபடி நான் சொல்கிறேன், ஏனென்றால் சாகாதவள் நான்தான்.

பன்னிரண்டு வருஷமாக நான் கொட்டகைப் பக்கம் போகவில்லை. ஏன் போகவில்லை என்று உனக்குத் தெரியும், அதைப் பிறகு சொல்கிறேன். சந்திரகலாதான், "சும்மா வாங்க அத்தை, ஏசி போட்டிருக்குது, படம் புடிக்கலன்னா தூங்குங்க" என்று மந்தாரக்குப்பத்துத் தியேட்டருக்குப் பகல் காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இப்போதெல்லாம் மண்ணைக் குவித்து உட்கார முடியாது. நாற்காலிக்கு நம்பர் உண்டு, அதை வீட்டிலிருந்தே போனில் பிடித்துவிடுகிறார்கள். எனக்கு இடப்பக்கம் சந்திரகலா, அவளுக்கு அந்தப் பக்கம் சத்யப்பிரியா. வலப்பக்கத்தில் கண்ணாடி போட்ட ஓர் ஆள். நான் அவரைச் சரியாகப் பார்க்கவில்லை. எனக்கென்ன, தூங்கத்தானே போனேன்.

படத்தின் பெயர் இங்கிலீசு, என் வாயில் நுழையவில்லை. ஒரு லாரி டிரைவர், அவன் பொண்டாட்டி. முக்கால் படம் வரைக்கும் சண்டையும் சிரிப்புமாகப் போயிற்று, நானும் ஒரு கண் தூங்கினேன். பிறகு அவன் வழியில் செத்துப்போகிறான். அதற்குக்கூட நான் அசையவில்லை. ஒரு பாட்டுக்குள்ளேயே பிணத்தை எடுத்து, கொளுத்தி, எல்லாம் முடிந்தது. அப்புறம் அந்தப் பெண் கொல்லைப்பக்கம் வருகிறாள். காலையில் அவன் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டுப் போனது இன்னும் ஈரமாகத் தொங்குகிறது. அதன் கைப்பக்கம் சொட்டுகிறது. சட்டையைத் திருப்பிப் போடுகிறாள், அந்தப் பக்கமும் காயட்டும் என்று.

கலியம்மா, உன் அத்தான் போன அன்றைக்கு அவருடைய மைன்ஸ் யூனிபாரத்தை நான் அப்படித்தான் துவைத்துப் போட்டிருந்தேன். மறுநாள் முதல் ஷிப்ட். எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை, கை தானாக வலப்பக்கம் போயிற்று. முத்தாண்டிக்குப்பம் டூரிங் கொட்டகை நாளிலிருந்து நீ எனக்கு வலப்பக்கம்தானே உட்காருவாய். திரையில் சாவு விழுந்தால் நாம் சாவு வீட்டில் அழுகிற மாதிரியே கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவோம். நாம் ஆரம்பித்தால் பெண்கள் பக்கம் மொத்தமும் அழும் என்று கொட்டகைக்காரர் நம்மை முன்னால் உட்கார வைப்பார். உன் மூக்கை என் முந்தானையில் துடைப்பாய், அதையும் நான் மறக்கவில்லை. அந்தப் பழக்கத்தில் கழுத்து கிடைத்தது, கட்டிக்கொண்டேன். வாயும் தானாகத் திறந்துகொண்டது.

"கொடியில போட்ட சட்ட
கொஞ்சங்கூடக் காயலியே
அத மாட்டிக்கினு போறதுக்கு
மவராசா நீ இல்லியே"

என்று எடுத்தேன். எடுத்த பிறகுதான் கன்னத்தில் சட்டைப் பட்டன் குத்துவது தெரிந்தது. நீ எந்தக் காலத்தில் பட்டன் போட்டாய். ஆனால் அழுகையைப் பாதியில் விடுவது நம் பழக்கத்தில் இல்லை, விட்டால் செத்தவருக்கு மரியாதைக் குறைவு. அந்த ஆளும் விடவில்லை. அவரும் ஏற்கெனவே அழுதுகொண்டுதான் இருந்திருக்கிறார். என் தோளில் தலையைச் சாய்த்து, "யம்மா, கடைசியா உன் மொகத்தப் பாக்கலியே யம்மா" என்று திருநெல்வேலிப் பேச்சில் ஆரம்பித்துவிட்டார். நான் புருஷனுக்கு அழுகிறேன், அவர் தாய்க்கு அழுகிறார், திரையில் அந்தப் பெண் யாருக்கும் அழாமல் சட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஜனமெல்லாம் திரையை விட்டுவிட்டு எங்களைப் பார்க்கிறது. பின்னால் ஒரு பையன், "ஆயா, கொஞ்சம் குனிஞ்சிக்கினு அழு ஆயா, மறைக்கிது" என்கிறான். டார்ச் அடிக்கிற ஆள் வந்து, விளக்கை எங்கள் மேல் அடித்துப் பார்த்துவிட்டு, அணைத்துவிட்டுப் போனான். சந்திரகலா என் காதில், "அத்தை, விடுங்க அத்தை. அவரு யாருன்னு தெரியுமா? உங்க மகனோட ஷிப்ட் இன்ஜினியர் வெங்கடேஷ் சார்" என்றாள். "இருடி, முடியட்டும்" என்றேன். முடிந்த பிறகுதான் விட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வீட்டுக்கு வந்ததும் நான் உள்ளே போகவில்லை. அழுதுவிட்டு வந்தால் தலைக்கு ஊற்றாமல் வாசப்படி மிதிக்கலாமா. நாம் டூரிங் கொட்டகையிலிருந்து வந்தாலும் அம்மா கொல்லைக் கிணற்றடியில் நம் இரண்டு பேர் தலையிலும் குடத்தைக் கவிழ்த்துவிட்டுத்தானே உள்ளே விடுவாள். சந்திரகலாவிடம் இரண்டு வாளி கேட்டேன். "படம் பாத்துட்டு வந்து யாராவது தலைக்கு ஊத்துவாங்களா அத்தை? இன்னிக்கித் துணி தொவச்சித் தொட்டி காலி. அஞ்சரைக்குத்தான் தண்ணி வுடுவான்" என்றாள். சரி, அஞ்சரை வரைக்கும் உட்காருகிறேன் என்று வாசலில் நாற்காலி போட்டு, அவிழ்த்த முடியோடு உட்கார்ந்துவிட்டேன். அவளும் கோபத்தில் விட்டுவிட்டாள். சுதாகர் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு உள்ளே தூங்குகிறான்.

எதிர்க் குவார்ட்டர்ஸ் குழந்தைவேல் சைக்கிளில் வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டால் அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளத் தெரியாது.

"என்னாம்மா வெளியிலியே குந்திக்கினு இருக்கிறீங்க? எதனா கெட்ட சேதிங்களா?"

தலையை ஆட்டினேன்.

"எப்பங்க ஆச்சு?"

"ஒன்னரை மணி இருக்கும்."

"அப்ப எடுக்கறது நாளைக்குங்களா?"

"எடுத்தாச்சு. ஒரு பாட்டு முடியறதுக்குள்ள எடுத்துட்டாங்க."

துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். போய், சுதாகர் வீட்டில் சாவு என்று மந்தாரக்குப்பத்தில் இருக்கும் நம் சொந்தக்காரருக்குப் போன் போட்டிருக்கிறார். அவ்வளவுதான் அவர் சொன்னது. சுதாகர் வீட்டில் சாவு என்றால் வயசுப்படி வேறு யாராக இருக்க முடியும். மந்தாரக்குப்பத்திலேயே நான் செத்துவிட்டேன். வடலூர் தாண்டுவதற்குள் நெஞ்சுவலியும் சேர்ந்துவிட்டது.

நாலரை மணிக்கு முதல் மாலை வந்தது. கொண்டுவந்தவர் என்னைப் பார்த்துவிட்டு மாலையை முதுகுப் பக்கம் மறைத்துக்கொண்டார். பிறகு ஒரு வண்டியில் இருபது பிளாஸ்டிக் நாற்காலி வந்து இறங்கியது. பந்தல்காரர் நேராக உள்ளே போய்ச் சுதாகரை எழுப்பியிருக்கிறார்.

"பாடி எங்கண்ணே?"

"எந்த பாடி?"

"உங்க அம்மாதாங்க."

"வாசல்ல குந்திக்கினு இருக்குதே, பாக்கலியா?"

வந்தவர்களைத் துரத்த முடியாது. சந்திரகலா எல்லோருக்கும் டீ போட்டாள். எனக்கும் ஒரு தம்ளர் கொடுத்தாள். என் சாவுக்கு வந்த நாற்காலியில் மாறி உட்கார்ந்து நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பழைய நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம்.

அப்போதுதான் உன் குரல் கேட்டது. மூன்று குவார்ட்டர்ஸுக்கு அந்தப் பக்கம் இருந்தே கேட்டது.

"காலுக்குக் கொலுசு தந்த
கண்ணான எங்கக்கா
காத்திருந்து பாக்காம
கண்ண மூடிக்கினியே"

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கொலுசை நான் தரவில்லை. புயலடித்த வருஷத்துத் தை மாசம், திருவிழாவுக்குப் போட்டுவிட்டுத் தருகிறேன் என்று எடுத்துக்கொண்டு போனாய். ஒப்பாரியிலாவது உள்ளதைச் சொல்ல வேண்டும். மற்றபடி உன் குரல் கெடவில்லை. அறுபத்தாறு வயசில் அந்த மேல் சுருதி யாருக்கும் வராது. கூட்டம் மொத்தமும் டீயைக் கீழே வைத்துவிட்டது.

நீ முடியை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு முனை திரும்பினாய். என்னைப் பார்த்தாய். கை மாரிலேயே நின்றுவிட்டது. நான் தம்ளரைத் தரையில் வைத்தேன். வைத்துவிட்டு எழுந்தேன் கலியம்மா. முட்டிவலிக்காரி, சுவரைப் பிடிக்காமல் எழுந்தேன். ஒரு கையைத் தூக்கினேனா இல்லையா என்று சந்திரகலாவைக் கேட்டேன், தூக்கினீர்கள் அத்தை என்கிறாள். நீ அவிழ்த்த முடியை அள்ளி முடிந்தாய். முந்தானையால் முகத்தைத் துடைத்தாய், உன் முந்தானையால்தான். திரும்பி நடந்தாய். வடலூர் பஸ் அந்த நேரம் பார்த்து வந்து தொலைந்தது, ஏறிவிட்டாய். கால் மணி நேரம் கழித்துத் தண்ணீர் வந்தது. நான்கு வாளி ஊற்றினேன். குளிக்கிற சத்தத்தில் வெளியே ஒன்றும் கேட்காது.

நான் செத்தால் குள்ளஞ்சாவடியிலிருந்து மாரடித்துக்கொண்டு வருகிறாய். உயிரோடு இருந்தால் திரும்பிப் போகிறாய். இதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், உன் அத்தான் பன்னீர்செல்வத்தைக் கிடத்தியிருந்த அன்றைக்கு, நீ மூன்று மணி பஸ்ஸில் வந்தாய். கிளிப்பச்சைச் சேலை. வாயில் வெற்றிலை. பந்தக்கால் ஓரமாக நின்றுகொண்டு பெரியப்பா மகளிடம், "சினிமாவுல செத்தவனுக்கெல்லாம் மாரடிச்சவ, கட்டிக்கினவனுக்கு ஒரு சொட்டு வுடறாளா பாரு" என்றாய். மெதுவாகத்தான் சொன்னாய். ஆனால் நீ மெதுவாகப் பேசினால் பந்தலுக்கே கேட்கும். நீ சொன்னது நிஜம்தான். காலையிலிருந்து எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. எத்தனையோ பேர் வந்து கழுத்தைக் கட்டினார்கள், மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று நீ கேட்கவில்லை. நான் உனக்காக அடக்கிவைத்திருந்தேன். கலியம்மா வரட்டும், அவள் கழுத்தில்தான் எனக்கு அழுகை வரும், வேறு யாரிடமும் வராது என்று காலை ஏழு மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் பிடித்துவைத்திருந்தேன். நீ வந்தாய், அதைச் சொன்னாய். அப்படியே உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகு நான் படத்துக்குப் போனால் உன் பேச்சை நிஜமாக்கிய மாதிரி ஆகிவிடாதா. அந்த மனுஷனுக்கான அழுகையைப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு திருநெல்வேலிக்காரர் சட்டைக் காலரில் அழ வேண்டியதாயிற்று.

அந்த இன்ஜினியர் நேற்று சுதாகரைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். டிரான்ஸ்பர்தான் என்று இவன் நடுங்கிக்கொண்டு போனால், "உங்க அம்மா அடுத்த வாரமும் படத்துக்கு வருவாங்களா?" என்று கேட்டாராம். நான் மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பாவம், தாய்க்கு அழுகிற மனுஷர், குறை சொல்லக்கூடாது. ஆனால் அவருக்குக் கூடச் சேர்ந்து எடுத்துக்கொடுக்கத் தெரியவில்லை. நான் ஒரு அடி பாடினால் அடுத்த அடிக்கு ஆள் இல்லை.

ஆகையால் முடிவாகச் சொல்கிறேன். நான் இனி எந்தப் படத்துக்கும் போகப்போவதில்லை. நீ என் வாசலுக்கு வர வேண்டாம். இன்னொரு தடவை நான் செத்ததாகச் சேதி வந்தாலும், அது நிஜமாகவே இருந்தாலும், வர வேண்டாம். ஒரு தடவை வந்துவிட்டாய், அதுவே போதும்.

உன் வீட்டுக்காரருக்கு என் கும்பிடு. உன் பேரன் பிரவின்குமாருக்கு நல்ல இடத்தில் பெண் அமைய வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது வேண்டிக்கொள்கிறேன், அவன்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. உன் இடது காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நீயும் உன் குடும்பமும் குறையில்லாமல் இருக்க மாரியாத்தாள் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ராஜாம்பாள்.

மறந்துபோய்விட்டது: அந்தப் படம் இன்னும் ஒரு வாரம் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்குச் சந்திரகலா போனில் இரண்டு இடம் பிடித்திருக்கிறாள். கடைசி வரிசை, பின்னால் யாருக்கும் மறைக்காது. பேச்சுவார்த்தை விட்டுப்போன கூடப்பிறந்தவர்கள் ஒரு சாவு வீட்டில் கட்டிக்கொண்டு அழுதால் பிறகு பேசலாம், யார் முதலில் பேசினார்கள் என்று அங்கே கணக்குக் கிடையாது, இது நம் ஜனங்களில் உள்ளதுதான். உன் வீட்டிலும் சாவு வேண்டாம், என் வீட்டிலும் வேண்டாம். அந்த லாரி டிரைவர் வீட்டில் ஒன்றரை மணிக்கு ஒன்று இருக்கிறது. முறைப்படி நான் உனக்குச் சாவு சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு வராமல் இருக்கக்கூடாது.