ஸ்பெஷல் சாரும் ஏழாம் பக்கமும்

நியூஜெர்சி மாநிலத்தின் டிரைவிங் டெஸ்டில் நான்கு முறை தோற்றவன் நான். இதை யாரிடமும் சொல்வதில்லை. சொந்தமாக ஒரு காரும் அதை நிறுத்த வாசலில் இடமும் வைத்துக்கொண்டு, நாற்பத்தொரு வயதில் பக்கத்து ஸீட்டில் மட்டுமே உட்காரத் தெரிந்திருப்பது வெளியே சொல்லிக்கொள்ளும்படியான தகுதி அல்ல. ஆனால் இதைச் சொல்லாமல் ஸ்பெஷல் சாரைப் பற்றிச் சொல்ல முடியாது. அமெரிக்கக் கால்பந்து பற்றி அவருக்குத் தெரிந்த அளவு பூமியில் வேறெந்தத் தமிழனுக்கும் தெரியாது. அந்த ஆட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கை அவர் பார்த்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு அதிக வேலை கிடையாது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். எப்போதாவது உதைக்க வேண்டி வந்தால் மட்டும் ஓரத்திலிருந்து தனியாக ஒரு கூட்டம் ஓடிவந்து, உதைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். ஸ்பெஷல் டீம்ஸ் என்று பெயர். கல்யாணத்தில் பெண்வீடு, பிள்ளைவீடு போகப் பந்தி பரிமாறுகிறவர்கள் இருப்பார்களே, அந்த மாதிரி. யார் மடியிலாவது சாம்பாரைக் கொட்டினால் ஒழிய யாரும் அவர்களை நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஸ்பெஷல் சார் அவர்களை மட்டும்தான் பார்த்தார்.

ஈரோட்டுக்காரர். ஐம்பது வயது. எங்கள் மருந்துக் கம்பெனியில் புள்ளியியல் பிரிவு. நான் கம்ப்யூட்டர் பிரிவு. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தார். என் மனைவி பத்மா தன் காரில் குழந்தையை டேகேரில் விட்டுவிட்டு எதிர்த்திசையில் வேலைக்குப் போகிறவள். ஆகவே தினமும் காலை ஆறே முக்காலுக்கு ஸ்பெஷல் சாரின் பழைய டொயோட்டா என் வாசலில் நிற்கும். பெட்ரோல் காசு வாங்க மாட்டார். பதிலுக்குக் காது கொடுத்தால் போதும். மூன்று வருஷம் கொடுத்தேன்.

என் நான்கு தோல்விகளுக்கும் அவரிடம் ஒரே விளக்கம்தான்.

"அன்னைக்குக் காத்து எப்படிங்க இருந்துது?"

"சார், நான் பார்க்கிங் பண்றப்ப கோனை இடிச்சேன். காத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"பக்கவாட்டுல அடிச்சிருக்குமுங்க. வண்டின்னாலும் பந்துன்னாலும் ஒண்ணுதான்."

நாற்பது நிமிஷ தூரத்தில் ஒரு கல்லூரி இருந்தது. பெயர் வேண்டாம், அவர்களும் பாவம். அதன் அணிக்காக ஒவ்வொரு ஆகஸ்டிலும் அவர் ஓர் அறிக்கை எழுதுவார். 'வரும் பருவம்: உதைப் பிரிவின் நிலைமையும் எதிர்பார்ப்பும்'. பதினோரு பக்கம், கையெழுத்தில், தமிழில். ஆபீஸில் ஜெராக்ஸ் எடுத்து, தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் அத்தனைக்கும் கொடுப்பார். இங்கிலீஷில் எழுதினால் கோச்சுக்காவது அனுப்பலாமே என்று ஒருமுறை கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"எதிரணிக்காரன் கையில சிக்குனா என்னங்க பண்றது?"

மூன்றாம் வருஷத்து அறிக்கை எனக்கு இன்றும் மனப்பாடம். குனிந்து நின்று கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் எறிகிறவனைப் பற்றி: 'கை சுத்தம். ஆனால் ஜாதகம் எடுத்த வீட்டுப் பிள்ளைபோலக் கவனம் சிதறுகிறது. அக்டோபருக்குள் தெளிவான் என எதிர்பார்க்கிறேன்.' அதை வாங்கி நிறுத்திப் பிடிக்கிறவனைப் பற்றி: 'குறை இல்லை. நகம் வெட்ட வேண்டும்.' ஏழாம் பக்கம் முழுவதும் கிக்கருக்கு, அதாவது உதைக்கிறவனுக்கு. கெமிஸ்ட்ரி படிக்கும் ஒல்லிப் பையன். 'நல்ல கால். வலப்பக்கமிருந்து நம்பலாம். இடப்பக்கமிருந்து, நாற்பது கெஜத்துக்கு மேல், எதிர்காற்றில் உதைத்தால் கம்பங்களுக்கு உள்ளே போக வாய்ப்பே இல்லை. இது கணக்கு, இதில் என் விருப்பத்துக்கு இடமில்லை.'

மைதானத்தில் அவரோடு உட்காருவது தனி அனுபவம். கோல் கம்பங்களுக்குப் பின்னால்தான் டிக்கெட் எடுப்பார். சரோஜாக்காவின், அதாவது அவர் மனைவியின், பழைய அரக்குப் புடவையிலிருந்து கிழித்த ஒரு துண்டைக் கைப்பிடிக் கம்பியில் கட்டுவார். காற்றுப் பார்க்க. பிறகு, தபாலில் மூன்று வாரம் தாமதமாக வந்த தமிழ் வாரப் பத்திரிகையைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்துவிடுவார். முப்பதாயிரம் பேர் எழுந்து நின்று கத்தினாலும் நிமிர மாட்டார். உதைக் கூட்டம் உள்ளே ஓடிவரும்போது மட்டும் பத்திரிகை மடங்கும். எப்படித் தெரியுமோ தெரியாது.

அந்த நவம்பரில் கம்பெனி புள்ளியியல் பிரிவை மட்டும் டெக்ஸாஸிலுள்ள ஹூஸ்டனுக்கு மாற்றுவதாக அறிவித்தது. போகிறவர்கள் திங்கள்கிழமைக்குள் சொல்ல வேண்டும். சரோஜாக்காவின் தம்பி அந்த ஊரை ஒட்டிய பேர்லேண்டில் இருந்தார். பக்கத்திலேயே மீனாட்சி கோயில், பனி கிடையாது, வீடு பாதி விலை. அக்கா ஏற்கெனவே மனதளவில் அங்கே கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குத் தூக்கம் போயிற்று. அவர் போனால் எனக்கு வண்டி இல்லை. வண்டி இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கிரீன் கார்டு இல்லை. இது கணக்கு. கணக்கில் வராத ஒன்றும் இருந்தது. அதை நான் பத்மாவிடம்கூட ஒப்புக்கொள்ளவில்லை.

வாரம் முழுக்கக் காரில் கேட்டேன். "என்ன சார் முடிவு பண்ணீங்க?"

"பாக்கலாமுங்க," என்பார். உதைகளைப் பற்றிக்கூடப் பேசவில்லை. மூன்று வருஷத்தில் முதல் முறையாக அந்தக் காரில் மௌனம். எனக்கு அதுதான் அதிக பயமாக இருந்தது.

சனிக்கிழமை, பருவத்தின் கடைசி ஆட்டம். கடுங்குளிர். அவர் வழக்கம்போலத் துண்டைக் கட்டிவிட்டுப் பத்திரிகையைப் பிரித்தார். மூன்று மணி நேரம் அவர் ஒரே பக்கத்தைப் படித்தார். நான் கவனித்தேன்.

எட்டு விநாடி பாக்கி. எங்கள் அணி இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. உதைத்து உள்ளே போனால் மூன்று புள்ளி. ஓரத்திலிருந்து உதைக் கூட்டம் ஓடிவந்தது. பத்திரிகை மடங்கியது.

பந்து இடப்பக்கம். நாற்பத்து நான்கு கெஜம். அரக்குத் துண்டு மைதானத்தை நோக்கி விறைத்து நீட்டிக்கொண்டிருந்தது. அதாவது காற்று எங்கள் முதுகில் அடித்து, அந்தப் பையனின் முகத்தில் போய் மோதியது. ஏழாம் பக்கம், எழுத்துப் பிசகாமல் கண்முன் நின்றது.

ஸ்பெஷல் சார் துண்டைப் பார்த்தார். பந்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ஏனுங்க, இது உள்ள போச்சுன்னா நான் டெக்ஸாஸ் போகலீங்க. போகலீன்னா, போறனுங்க. என்ன சொல்றீங்க?"

  மூன்று வருஷம் அந்த விளையாட்டை ஒரு பொருட்டாகவே மதிக்காதவன், பெயர்கூடத் தெரியாத ஒரு கெமிஸ்ட்ரி மாணவனின் வலது காலுக்காக திருப்பதி, பழனி, சமயபுரம் மூன்றுக்கும் வரிசையாக வேண்டிக்கொண்டேன்.

பையன் தயாராக நின்றான். எதிரணி டைம் அவுட் கேட்டது. எல்லோரும் கலைந்து, மறுபடி கூடினார்கள். மறுபடி டைம் அவுட்.

"எதுக்கு சார் இப்படி நிறுத்தறான்?"

"யோசிக்க வைக்கறானுங்க. யோசிச்சா போச்சு."

நான் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். பையன் இரண்டு உள்ளங்கைகளையும் தொடையில் துடைத்துக்கொண்டான். நானும் துடைத்துக்கொண்டேன். குனிந்தவன் பந்தை எறிந்த அதே கணத்தில், கம்பியில் விறைத்து நின்ற துண்டு சட்டென்று துவண்டு தொங்கியது. பையன் உதைத்த பந்து எங்களை நோக்கி வந்துகொண்டே இருந்தது. வலக் கம்பத்தை ஓர் உரசு உரசிவிட்டு உள்ளே விழுந்தது.

பக்கத்திலிருந்த நூற்றிருபது கிலோ வெள்ளைக்காரரைக் கட்டிப்பிடித்து நான் குதித்தேன். அவரும் என்னைத் தூக்கிக் குதித்தார். கீழே இறக்கிவிடப்பட்டுத் திரும்பிப் பார்த்தால், ஸ்பெஷல் சார் உட்கார்ந்தே இருந்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"என்னங்க இது," என்றார். "போயிருச்சுங்களே."

திரும்பும்போது டர்ன்பைக் நெடுஞ்சாலை முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் விட்டுப் போகாமல் இருக்கிற நெகிழ்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பத்மா கேசரி கிளறினாள். டப்பாவில் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். வரவேற்பறை முழுக்க அட்டைப்பெட்டிகள். சரோஜாக்கா ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் கேசரி டப்பாவை நீட்டிய கையோடு நின்றேன்.

"என்னக்கா இதெல்லாம்? சார் போகலைன்னு சொன்னாரே."

அக்கா டேப்பைக் கீழே வைத்தார். "வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸ் பண்ணிட்டாருங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கு வாய் வரலீன்னு ரெண்டு நாளாச் சோறு தண்ணி இல்ல. அந்தப் பையன் எப்படியும் உள்ள அடிக்க மாட்டான், பழி அவன் தலையோட போயிரும்னு கணக்குப் போட்டிருக்காரு. அவன் அடிச்சுத் தொலைச்சுட்டான்."

"அவர் எங்க?"

"கராஜுல. நீங்க வண்டியில வந்து எறங்குறதப் பாத்ததும் போனவருதான்."

கராஜில், டொயோட்டாவுக்குள், பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்திருந்தார். என்னுடைய ஸீட். நான் வேறு வழியில்லாமல் டிரைவர் ஸீட்டில் உட்கார்ந்தேன். அவர் மடியில் அந்தப் பதினோரு பக்கம்.

"ஏழாம் பக்கத்துல தப்புங்க," என்றார்.  பத்மா வந்து கண்ணாடியைத் தட்டி, கேசரி ஆறுகிறது என்றாள்.

அவர்கள் கிளம்பிய காலையில் நான் என் வீட்டு வாசலுக்கு வந்தபோது, ஓடாமல் நின்ற என் காரின் ஆன்டெனாவில் அரக்குத் துண்டு கட்டியிருந்தது. அதற்குப் பிறகு மூன்று வாரம் பத்மா விடியற்காலையில் என்னை முதலில் ஆபீஸிலும் குழந்தையைப் பிறகு டேகேரிலும் இறக்கிவிட்டாள். குழந்தை அழாமல் போனது. நான்காம் வாரம் ஐந்தாவது டெஸ்டுக்குப் போனேன். ஸ்டியரிங்கைத் தொடும் முன் ஆன்டெனாவைப் பார்த்தேன். பிறகு பின்னால் எடுத்தேன். ஒரே முயற்சியில், இரண்டு கோனுக்கும் நடுவில், ஏதோ பிறவியிலேயே அங்கே நின்றவன்போல நின்றேன்.

அன்று சாயங்காலம் பேர்லேண்டுக்குப் போன் போட்டேன்.

"சார், பாஸ் பண்ணிட்டேன். பேரலல் பார்க்கிங், ஃபர்ஸ்ட் அட்டெம்ப்ட்."

 மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"இன்னைக்குக் காத்தே அடிக்கலீங்களா?"