சம்பந்தி குரலில் ஒரு பந்தி

கைதட்டலுக்குப் பழகியவனைச் சும்மா உட்கார வைக்கக் கூடாது. மைக்கும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஒரு காலத்தில் நான் டிவியில் பலகுரல் கலைஞன். ஞாயிறுதோறும் வருவேன். வண்ணார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் செல்ஃபி எடுக்காமல் விடமாட்டார்கள். பிறகு நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். ஆளாளுக்கு செல்போனிலேயே எல்லாக் குரலும் வர ஆரம்பித்தது. "உங்கள எங்கயோ பாத்தாப்புல இருக்கே, தண்ணி வரி வாங்க வருவீயளோ?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அப்போதுதான் அக்கா மகள் கல்யாணம். மறுநாள் பாளையங்கோட்டை மண்டபத்தில் மறுவீட்டு விருந்து. எங்களில் மறுவீடு என்றால் சொதிச் சாப்பாடு, தேங்காய்ப்பால் குழம்புதான் அதில் ராஜா. மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண் வீட்டார் உட்காரவேண்டும். (இதில் பிசகினால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு வார்த்தை கிடையாது.)

சம்பந்தி சிவசைலம் அண்ணாச்சி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். 'ம்க்கும்' என்று கனைத்துத்தான் தொடங்குவார், "என்ன, சரிதானா?" என்று முடிப்பார். முந்தின நாளே அந்தக் குரல் என் தொண்டையில் அரிக்கத் தொடங்கியிருந்தது.

அவர் காரில் முன்னால் வந்துவிட்டார். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த வேன் வண்ணார்பேட்டை நெரிசலில் மாட்டிக்கொண்டது. போன் பேச அவர் வெளியே போனார். எங்கள் ஆட்கள் பசியில் கொட்டாவி விட்டார்கள். கொஞ்சம் சிரிக்க வைப்போமே என்று தூணுக்குப் பின்னால் நின்று மைக்கை எடுத்தேன்.

"ம்க்கும். எங்க வேன் வர நேரமாவும். பொண்ணு வீட்டுக்காரங்க மொதல்ல உக்காருங்க. என்ன, சரிதானா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. நாற்காலிகள் நகர்ந்தன. மொத்தக் கூட்டமும் பந்திக்குப் போனது. அப்போதே "நான்தான்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை பேர் நம்பிவிட்டார்களே என்ற பூரிப்பில் அங்கேயே நின்றேன். (கலைஞனாம் கலைஞன்.) அதற்குள் இலையில் சொதி ஊற்றியாகிவிட்டது.

வேன் ஆட்களோடு அண்ணாச்சி உள்ளே வந்தார். பந்தியைப் பார்த்தார்.

"நீங்கதான அண்ணாச்சி உக்காரச் சொன்னீய?" என்றார் முதல் இலையிலிருந்த என் அத்தான், சோற்றுக் கையோடு.

"நான் எப்பம்வே சொன்னேன்? ஏ, எல்லாரும் வண்டில ஏறுங்க."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏலே, நீதானா? எம்பொண்ணுக்குத் தாலி ஏறி ரெண்டு நாளுகூட முழுசா ஆவலியேல" என்று அழுதாள். மணப்பெண் முகம் வெளுத்துவிட்டது. ஓடிப்போய் அண்ணாச்சி கையைப் பிடித்து, செய்ததைச் சொன்னேன்.

"என் குரல்லயா? எங்க, எம்முன்னால பேசும் பாப்போம்."

வாயைத் திறந்தேன். பழைய மந்திரி வந்தார். திரும்பவும் திறந்தேன், ஒரு வில்லன் நடிகர் வந்தார். மூன்றாவதாக வந்தது அநேகமாக ஆட்டுக்குட்டி.

அண்ணாச்சி பொறுமை இழந்தார். "மொதல்ல கனைக்கணும்வே. பைய, அடித்தொண்டையில. ம்க்கும்."

"ம்க்கும்" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் கட்டையா."

வகுப்பு கால் மணி நேரம் நடந்தது. வேன் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாப்பிள்ளையே சிரித்துவிட்டார். கடைசியில் அண்ணாச்சிக்கும் உதடு துடித்தது. "இவரு எப்படித்தான் டிவில வந்தாரோ" என்று சொல்லிக்கொண்டே இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். அடுத்த சொதியை நான்தான் பரிமாறினேன்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. எங்கள் குடும்பத்தில் இப்போதெல்லாம் மைக்கில் யார் சாப்பிடக் கூப்பிட்டாலும் ஆளின் முகத்தைப் பார்க்காமல் ஒருவரும் எழுந்திருப்பதில்லை. போன மாதம் அக்கா பேரனுக்குக் காதுகுத்து. அண்ணாச்சியே உள்ளறையில் இருந்தபடி மைக்கைப் பிடித்து, "ம்க்கும், எல்லாரும் சாப்பிட வாங்க, என்ன, சரிதானா?" என்றார். ஒரு நாற்காலிகூட அசையவில்லை. "ஏலே, நான்தாம்லே" என்று கத்தினார். கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பிக் கைதட்டியது. டிவியில் இருந்தபோதுகூட எனக்கு அப்படியொரு கைதட்டல் கிடைத்ததில்லை. நான் வாயையே திறக்கவில்லை.