குருத்து ஞாயிறும் கஞ்சி போட்ட பாவும்

பிறருக்கு நன்மை செய்யக் கிளம்புகிறவன், அந்தப் பிறர் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. இதைப் பெரிய தத்துவமாகச் சொல்லவில்லை. எனக்கு இதைப் புரியவைத்தது ஒரு கழுதை. ஆகவே அடக்கமாகவே சொல்கிறேன்.

ஆரணியில் எங்கள் மெதடிஸ்ட் சபைக்கு அப்போது நான் ‘அவுட்ரீச்’ செயலாளர். சபையின் மதில் சுவருக்கு வெளியே இருக்கும் மக்களோடு உறவாடுவது என் பொறுப்பு. இந்தப் பதவியை நான் தேடிப் போகவில்லை. கூட்டத்தில் யார் முன்வருகிறீர்கள் என்று போதகர் கேட்டபோது எல்லோரும் குனிந்து தங்கள் கால் விரல்களை ஆராய்ந்தார்கள். நான் மட்டும் மின்விசிறி ஏன் சுற்றவில்லை என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

எனக்கு முன்பு இருந்தவர் கண் பரிசோதனை முகாம், மாலை டியூஷன் என்று சத்தமில்லாமல் வேலை பார்த்தவர். சபைக்குப் பின்னால் உள்ள நெசவாளர் தெருவிலிருந்து பிள்ளைகள் டியூஷனுக்கு வருவார்கள். கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து கேக் போகும். பொங்கலுக்கு அங்கிருந்து கரும்பு வரும். உறவு நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது. நன்றாக இருப்பதை மேம்படுத்தாமல் விட்டால் அப்புறம் செயலாளர் என்று ஒருவன் எதற்கு? (கொஞ்சம் புத்தகம் படித்தவன் வேறு. ஊருக்குள் ஒருவனை ஆபத்தானவனாக்க அதுவே போதும்.)

ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு எங்களுக்குக் குருத்து ஞாயிறு. இயேசு கழுதைமேல் ஏறி எருசலேமுக்குள் நுழைந்ததை நினைவுகூர்ந்து, விடிகாலையில் ஆளுக்கொரு குருத்தோலையைப் பிடித்துப் பாடிக்கொண்டு பவனி வருவோம். எங்கள் பவனி சபை காம்பவுண்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு வாசல் வழியாக உள்ளே போய்விடும். கமிட்டியில் நான் இரண்டு யோசனைகள் சொன்னேன். பவனி நெசவாளர் தெரு வழியாகப் போக வேண்டும். நிஜக் கழுதை ஒன்று முன்னால் நடக்க வேண்டும்.

“கழுதை சரி, மேல யாரு குந்திகினு வர்றது?” என்று பொருளாளர் தேவதாஸ் அண்ணன் கேட்டார்.

யாருடைய இடத்தில் போய் உட்காருவது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒவ்வொருவரும் தன் சென்ற வார நடத்தையை நினைத்துப் பார்த்துக்கொண்டார். கடைசியில் எல்லோரும் போதகரைப் பார்த்தோம்.

“எனக்கு முதுகு வலி,” என்றார் போதகர்.

ஆகவே கழுதை காலியாக வருவதென்றும், கயிற்றை நான் பிடிப்பதென்றும் தீர்மானமாயிற்று.

காவல் நிலையத்தில் சொன்னேன். நகராட்சியில் சொன்னேன். மின்வாரியத்தில்கூட ஒருவரைப் பார்த்துச் சொன்னேன், கழுதைக்கும் மின்சாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கும்வரை. என் மனைவி கிரேஸ்தான் இரவுச் சாப்பாட்டின்போது, “அந்தத் தெரு ஜனங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?” என்றாள்.

“சொல்லிட்டா என்ன சுவாரசியம்? சர்ப்ரைஸா இருக்கட்டும்,” என்றேன்.

நான் ஆரணியில் பிறந்து வளர்ந்தவன். பட்டு நெசவைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் மணிக்கணக்கில் பேசுவேன். ஆனால் காலை எட்டு மணிக்கு முந்தைய ஆரணியோடு எனக்குப் பழக்கமில்லை. நெசவாளர் தெருவில் விடிந்ததும் என்ன நடக்கும் என்பது தெரியாமலே எனக்கு நரை வந்திருந்தது. தறியில் ஏற்றுவதற்கு முன் பாவை, அதாவது புடவையின் நீளவாட்டில் ஓடும் இழைகள் முழுவதையும், தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். குறுக்கே குச்சிகள் செருகி, இடையிடையே கவட்டைக் கால்கள் கொடுத்து, இடுப்பு உயரத்தில் நிறுத்தி, அரிசிக் கஞ்சி தெளித்துக் கையால் நீவி உலர்த்துவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. ஞாயிற்றுக்கிழமை லீவு எனக்குத்தான், பாவுக்கு இல்லை.

கழுதை வெம்பாக்கம் பக்கத்துச் செங்கல் சூளையிலிருந்து குட்டி யானையில் வந்து இறங்கியது. (குட்டி யானை என்பது சரக்கு வண்டி. கழுதை ஒன்றுதான் அன்று நிஜ மிருகம், என்னைச் சேர்க்காவிட்டால்.) அதன் சொந்தக்காரர் முனுசாமி கயிற்றை என்னிடம் கொடுத்தார்.

“தங்கமான கழுதைங்க. பசி வந்தா மட்டும் யார் பேச்சும் கேக்காது.”

“இன்னிக்கு ஏதாவது தின்னுச்சா?”

“வண்டியில வயித்தக் கலக்கும்னு ஒண்ணும் போடலீங்க. நீங்க போய்கினே இருங்க, ஒரு டீ அட்ச்சிட்டு ஜல்தியா வந்துடறேன்.”

பவனி புறப்பட்டது. முன்னால் கழுதையும் நானும், அடுத்து வெள்ளை அங்கியில் போதகர், பின்னால் சபை முழுவதும் ஓலையை ஆட்டிப் பாடிக்கொண்டு. பாட்டு உச்சத்தில் இருந்தபோது நெசவாளர் தெருவுக்குள் திரும்பினோம்.

தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அரக்குச் சிவப்பில் ஒரு பாவு. ஈரத்தோடு மின்னியது. அதன் பக்கத்தில் கஞ்சிப் பானையோடு ஏழுமலை என்ற நெசவாளரும் அவர் மனைவி சரசுவும் நின்றிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் சரசு இரண்டு கையையும் உயரத் தூக்கி ஆட்டினாள். என்ன அருமையான வரவேற்பு என்று நெகிழ்ந்துபோய் நானும் கையை ஆட்டினேன். கையை ஆட்டினால் கயிறு தளரும் என்பது கழுதைக்குத் தெரிந்திருந்தது.

கஞ்சி வாசனை பிடித்துக்கொண்டு அது நேராகப் பாவிடம் போனது. முதலில் மேலாக ஒரு நக்கு. ருசி பிடித்திருக்க வேண்டும். அடிப்பக்கம் இன்னும் நன்றாக இருக்கும் என்று நினைத்ததோ என்னவோ, குனிந்து தலையை உள்ளே விட்டு நிமிர்ந்தது. தலையில் பட்டு முக்காடு போட்ட மணப்பெண்போல நின்றது. நான் பதறிப்போய்க் கயிற்றை இழுத்தேன். நறுக் நறுக்கென்று இழைகள் அறுகிற சத்தம், அத்தனை பாட்டுக்கு நடுவிலும் கேட்டது.

“யோவ், இழுக்காதய்யா! இழுத்தா மொத்தமும் பூடும்!” என்று சரசு ஓடிவந்தாள்.

“விட்டா நக்குதும்மா!”

“நக்கினா நக்கட்டும்! அது நக்கறதவிட நீ இழுக்கறதுதான் பெரிய பேஜாரா கீது!”

பின்வரிசைக்கு எதுவும் தெரியாததால் அவர்கள் அடுத்த சரணத்துக்குப் போய்விட்டார்கள். அந்த நேரத்தில் முனுசாமி கையில் பாதி பன்னோடு டீக்கடையிலிருந்து ஓடிவந்தார். பன்னைக் கழுதையின் மூக்குக்குக் கீழே காட்டினார். கழுதை யோசித்தது. பட்டையும் பன்னையும் ஒப்பிட்டு, பன்னைத் தேர்ந்தெடுத்து, தலை குனிந்து மெல்ல வெளியே வந்தது. அன்று அந்தத் தெருவில் நிதானமாக முடிவெடுத்த ஒரே ஜீவன்.

ஏழுமலை அறுந்த இடத்தைக் குனிந்து பார்த்தபடி நின்றார். சரசுதான் பேசினாள்.

“கல்யாணப் புடவைங்க இது. முகூர்த்தத்துக்குள்ள நெய்ஞ்சி அறுத்துக் குடுக்கணும். இந்தப் பாவு வீணாப் போச்சுன்னா முதலாளி இனிமே எங்களுக்குப் பட்டு நூலு குடுக்கமாட்டாரு. அடுத்த பாவ முள்ளிப்பட்டு ஊர்ல யாருக்குனா குடுத்துடுவாரு. எங்க தறி வெறுந்தறியா நிக்கும்.” என் பக்கம் திரும்பினாள். “உங்க சாமிக்கு எங்க தெரு இன்னாங்க பண்ணுச்சு?”

பாட்டு ஒருவழியாக நின்றது. நான் மன்னிப்புக் கேட்கும் தோரணையில் அழகான வாக்கியம் ஒன்றை ஆரம்பித்தேன். கிரேஸ் என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

“சரி பண்ண முடியுமா, முடியாதாண்ணா?” என்று ஏழுமலையைக் கேட்டாள்.

“அறுந்த இழையத் தேடிப் புடிச்சி ஒட்டிடலாம்மா. மறுபடி கஞ்சி போட்டு நீவணும். ஆனா அதுக்குள்ள வெயில் ஏறிடும். ஏறினா இழை மொறமொறன்னு ஆயிடும், தொட்டா புட்டுக்கும்.”

“நெழல் இருந்தா?”

“தெரு நீளத்துக்கு யாரும்மா பந்தல் போடறது?”

கிரேஸ் திரும்பிச் சபையைப் பார்த்தாள். ஆளுக்கொரு ஓலையோடு சபையும் அவளைப் பார்த்தது.

“எல்லாரும் பாவுக்கு ரெண்டு பக்கமும் நெருக்கமா நில்லுங்க. ஓலையத் தூக்கிப் புடிங்க. யாரும் தும்மக் கூடாது,” என்றாள்.

அப்படித்தான் எங்கள் குருத்து ஞாயிறு ஆராதனை அந்தத் தெருவில் நடந்தது. போதகர் முதல் ஞாயிற்றுப் பள்ளிக் குழந்தைகள் வரை பாவின் இருபுறமும் நின்று, ஓலைகளைத் தலைக்குமேல் சேர்த்துப் பிடித்தார்கள். அக்கம்பக்கத்து நெசவாளர் வீட்டுப் பெண்கள் வந்து ஓலை நிழலில் குனிந்து அறுந்த இழைகளைத் தேடித் தேடி இணைத்தார்கள். தேவதாஸ் அண்ணனுக்குக் கை கடுத்தபோது ஒரு நெசவாளர் அவர் முழங்கைக்குக் கீழே முக்காலியை வைத்தார். சைக்கிளில் போன ஒருவர் நிறுத்தி, “இன்னா பண்டிக இது?” என்று கேட்டார். “பட்டுக்குக் குடை புடிக்கிற பண்டிக போலகீது,” என்றார் இன்னொருவர். இருவரும் மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடந்து போனார்கள்.

எனக்கும் ஒரு ஓலை கிடைக்கும் என்று போய் நின்றேன். சரசு என்னைப் பார்த்தாள்.

“நீங்க அந்தக் கழுதையப் புடிச்சிகினு தெரு முனைக்குப் போய்டுங்க. இந்தப் பக்கம் திரும்பாதீங்க. பாட்டும் பாடாதீங்க.”

அவ்வாறே செய்தேன். நானும் கழுதையும் ஒரே திசையைப் பார்த்தபடி நின்றோம். எங்களுக்குள் பேச எதுவும் இருக்கவில்லை.

வெயில் உறைக்கும் நேரத்தில் ஏழுமலை பாவைத் தட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிழைத்துவிட்டது. போதகர் கையை உதறிக்கொண்டு வந்து, “இவ்ளோ நாள்ல சபை ஆடாம அசையாம நின்னது இன்னிக்குத்தான். என் பிரசங்கத்துக்குக்கூட இப்படி நின்னதில்ல,” என்றார். அதில் எனக்கு ஆறுதல் இருந்ததா, அவருக்கு வருத்தம் இருந்ததா என்பது இன்றுவரை தெரியவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். அந்தப் பாவில் இரண்டு புடவைகள். கழுதை நக்கிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சாயம் மங்கியிருந்தது. கல்யாணப் பெண்ணுக்கு மங்காத பக்கத்தை நெய்து கொடுத்துவிடலாம், இன்னொரு புடவையை முதலாளி தொடமாட்டார் என்றார் ஏழுமலை.

“அத நாங்க எடுத்துக்கறோம்,” என்றாள் கிரேஸ், நான் வாயைத் திறப்பதற்குள். முதலாளியிடமும் அவளே போய்ப் பேசினாள். (விலையைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனமில்லை.)

முகூர்த்தத்துக்கு முன்பே கல்யாணப் புடவை போய்ச் சேர்ந்தது. ஏழுமலையின் தறிக்கு அடுத்த பாவும் வந்தது. எங்கள் புடவையில் அந்த மங்கல், உடுத்தும்போது இடுப்புக்குள் செருகிக்கொள்ளும் முனையில் வரும்படி அவர் நெய்திருந்தார். யார் கண்ணிலும் படாது. கிரேஸ் சொன்னால் ஒழிய. கிரேஸ் சொல்லாமல் இருந்ததில்லை. போன ஈஸ்டருக்குக்கூட, புதிதாக வந்திருக்கும் போதகரின் மனைவி, “என்ன அழகான கலர்! எந்தக் கடையில எடுத்தீங்க?” என்று கேட்டார்.

“இவருதான் எடுத்துக் குடுத்தாரு. கூட ஒரு கழுத இருந்துச்சு,” என்று ஆரம்பித்தாள் கிரேஸ். நான் சபைக்கு வெளியே மரத்தடிக்குப் போய்விட்டேன். எங்கள் உறவினர் வட்டத்தில் அதற்குப் பெயர் கழுதைப் புடவை. என் மைத்துனன் அந்தப் பெயரைச் சொல்லும்போது புடவையைப் பார்ப்பதில்லை, என்னைப் பார்க்கிறான்.

இப்போது எங்கள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பட்டு ஏழுமலை வீட்டில்தான் நெய்ய வேண்டும் என்று மகள் சொல்லிவிட்டாள். போய்க் கேட்டோம். சரசு எங்களை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். முகம் நிறையச் சிரித்தாள்.

“நம்ம பொண்ணுங்க. ஜம்முனு நெய்ஞ்சி குடுக்கறோம்,” என்றாள். பிறகு கிரேஸ் பக்கம் சாய்ந்து, ஆனால் எனக்கும் நன்றாகக் கேட்கும் குரலில், “பாவு நீட்டற அன்னிக்கு மட்டும் ஐயாவ வந்தவாசிக்கு பஸ் ஏத்தி உட்டுடுங்கக்கா,” என்றாள்.

நேற்று விடிகாலையில் பாவு நீட்டினார்கள். மகளும் கிரேஸும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மாம்பழ மஞ்சளில் தெருவே ஜொலித்தது என்றார்கள். நான் பார்க்கவில்லை. வந்தவாசி பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கே எனக்கு எந்த வேலையும் இல்லை.