களாப்பழ ஜாமும் சின்னாவின் வாயும்

போன வாரம் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். களாப்பழம் பறிச்சு ஜாம் செய்யணும்.

இதுல என்ன பெரிய விஷயம்னு நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

என் பொண்ணு வள்ளியை அரக்கோணத்துல கட்டிக் குடுத்திருக்கோம். இப்போ முதல் பிரசவம். வளைகாப்பு முடிஞ்ச கையோட பொண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிக்கினு வர்றதுதானே நம்ம பக்கத்து வழக்கம்? என் பொண்ணு மட்டும் ரெண்டு கை நிறைய வளையலோட மாமியார் வீட்டுலயே உட்கார்ந்திருந்தா.

காரணம் சின்னா.

சின்னா எங்க வீட்டு நாய். என் பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நாள் உள்ளங்கையில அடங்குற குட்டியா தூக்கிக்கினு வந்தான். தெலுங்குல சின்னான்னா சின்னதுன்னு அர்த்தம், அதுவே பேரா இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போயிட்டான். இப்போ அது வாசல்ல படுத்தா நாங்க கொல்லைப்பக்கமா சுத்தித்தான் உள்ளே வரணும்.

கடிக்காது. குலைக்கும். பால்காரர், கேஸ் சிலிண்டர், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், முருகன் மலைக்கோயில்ல இருந்து வர்ற மைக் சத்தம், எல்லாத்துக்கும் குலைக்கும். கடிக்காதுன்னு நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் யாரும் நின்னு கேட்டதில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு வந்தப்போ எங்க சம்பந்தியம்மாவும் நிக்கலை. ஒரு செருப்பை எங்க வாசல்ல விட்டுட்டு இன்னொரு செருப்போட காருக்குள்ள ஏறிட்டாங்க.

வளைகாப்பு அன்னிக்கு அவங்க என் கையைப் பிடிச்சுக்கினு, ரொம்பத் தன்மையா, பச்சப்புள்ள இருக்கப்போற வீட்ல அப்படி ஒரு நாய் இருந்தா எப்படி சம்பந்தின்னு கேட்டாங்க. கிருத்திகைக்கு மலைக்கு வரேன், அப்படியே உங்க வீட்டுக்கும் வந்து பாத்துட்டு ஒரு முடிவு சொல்றேன்னாங்க. வள்ளி பின்னாடி நின்னு என்னையே பார்த்துக்கினு இருந்தா. அதுதான் எனக்குத் தாங்கலை.

ஆக, கிருத்திகை அன்னிக்கு எனக்குப் பரீட்சை. பாஸ் பண்ணா பொண்ணு வீட்டுக்கு வருவா.

வெறுங்கையோட பரீட்சை எழுத முடியுமா? வள்ளி போன்ல களாப்பழம் சாப்பிடணும்போல இருக்குதுன்னு சொல்லியிருந்தா. புளிப்பு, பச்சையா தின்னா இருமல் வரும்னு மாமியார் தடுத்துட்டாங்களாம். அப்போதான் எனக்கு அந்த அறிவு உதிச்சது. ஜாமா செஞ்சா? முதல்ல முருகனுக்குக் கொஞ்சம், அப்புறம் சம்பந்திக்கு ஒரு பாட்டில், வள்ளிக்கு ஒரு பாட்டில். இனிப்பு சாப்பிட்ட வாயால வேணாம்னு சொல்லுவாங்களா?

கிருத்திகைக்கு முந்தின நாள் வெயில் ஏறுறதுக்கு முன்னாடி நானும் என் வீட்டுக்காரரும் ஸ்கூட்டர்ல கே.ஜி.கண்டிகைக்குக் கிளம்பினோம். அங்க எங்க சொந்தக்காரங்க கொல்லியில, அதான் மேட்டு நிலத்துல, வேலி முழுக்க களாச்செடிதான். கறுகறுன்னு பழுத்துத் தொங்குது. சின்னா ஸ்கூட்டர் பின்னாலயே ஓடி வந்து சேர்ந்துடுச்சு. வந்து, செடியைப் பார்த்துக் குலைச்சது.

களாமுள்ளு பத்தித் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். உள்ளே கை விட்டா சும்மா விடும். வெளியே எடுக்கும்போதுதான் பிடிக்கும். முதல்ல முந்தானையைப் பிடிச்சது, அப்புறம் கொண்டையைப் பிடிச்சது. நான் வேலிக்கு மரியாதையா தலை குனிஞ்சு நின்னுக்கினு இருக்கேன். அவர் வரப்பு மேல நின்னு, இடது பக்கம் திரும்பு, கொஞ்சம் பின்னாடி வா, அங்கயே நில்லுன்னு சொல்லிக்கினு இருந்தார். அவர் ரயில்வே சிக்னல்ல ரிட்டயர் ஆனவர். தூரத்துல நின்னு வழி காட்டுறதுதான் பழகின வேலை.

ஒரு கூடைப் பழமும், பிசுபிசுன்னு களாப்பால் ஒட்டின பத்து விரலுமா வீடு வந்து சேர்ந்தோம். எங்க வீட்டுல ஒரு பூனையும் இருக்குது, அது உடனே கூடைக்குள்ள ஏறிப் படுத்துக்கிச்சு. அதை எழுப்பக்கூடாதுன்னு பழத்தை ஒவ்வொண்ணா அடியில இருந்து உருவி ராத்திரியே வேற பாத்திரத்துக்கு மாத்தினேன்.

கிருத்திகை காலையில தலைக்குக் குளிச்சு, விளக்கேத்தி, முருகன்கிட்ட நின்னேன். எனக்கு நீளமா வேண்டிக்கத் தெரியாது. "அப்பா முருகா, சம்பந்தி வந்துட்டுப் போற வரைக்கும் இந்த நாயோட வாயைக் கட்டு." அவ்வளவுதான் கேட்டேன்.

இப்போ யோசிச்சா, இன்னும் கொஞ்சம் விவரமா கேட்டிருக்கலாம்.

பழத்தை நறுக்கிக் கொட்டையை எடுத்தேன். களாச்சாறு ரத்தச் சிவப்பு. முழங்கை வரைக்கும் வழிஞ்சுது. அப்புறம் வெல்லம் போட்டு அடுப்புல ஏத்தினேன்.

வள்ளி போன்ல வழி சொன்னா. ஒரு சொட்டு தட்டுல விட்டுச் சாய்ச்சா மெதுவா நகரணும், உடனே இறக்கிடு, சூட்டுல தண்ணியாத்தான் தெரியும், ஆறினா கெட்டியாயிடும்னா.

எனக்கா பாகு சொல்லித் தர்றா? தீபாவளி வந்தா எங்க தெருவுல அதிரசப் பாகுக்கு என்னைத்தான் கூப்பிடுவாங்க. அஞ்சாங்கிளாஸ்தான் படிச்சேன், ஆனா பாகுல நான் கலெக்டர். ஜாமும் பாகுதானே? தண்ணியில ஒரு சொட்டு விட்டேன். உருட்டினேன். உருண்டு வந்துச்சு. ஆனா பாத்திரத்துல பார்த்தா ரசம் மாதிரி ஓடுது. இது பத்தாதுன்னு இன்னும் கொஞ்சம் கொதிக்க விட்டேன். அப்பவும் ஓடுச்சு. இன்னும் கொஞ்சம் விட்டு, கரண்டியோடவே இறக்கி வெச்சேன்.

ருசி பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். சாமிக்குப் படைக்கிறதை நான் நாக்குல வெக்க மாட்டேன்.

இந்த நேரத்துல அவருக்கு நான் குடுத்த வேலை சின்னாவைப் பார்த்துக்கறது. கட்டிப் போட்டா ஊரே கேக்குற மாதிரி கத்தும். அதனால சம்பந்தியம்மாவோட ஆட்டோ வர்ற நேரத்துல ஒவ்வொரு பிஸ்கெட்டா போட்டுக்கினே இருங்க, வாய்க்கு வேலை இருந்தா குலைக்காதுன்னு சொல்லி ஒரு பாக்கெட்டைக் கையில குடுத்திருந்தேன்.

அவர் ஆட்டோ வர்றதுக்கு முன்னாடியே ஒத்திகை பார்த்திருக்கார். பாக்கெட் காலி.

தெருமுனையில ஆட்டோ திரும்புது. சின்னா காதைத் தூக்குது. அவர் சமையலறைக்குள்ள ஓடி வந்தார். நான் வெளியே தொட்டிகிட்ட பாட்டில் கழுவிக்கினு இருந்தேன். அடுப்படியில ஆறிக்கினு இருந்த பாத்திரத்துல ஓரமா கெட்டியா இருந்ததை ஒரு எலுமிச்சம்பழ அளவு கரண்டியாலேயே கெல்லி எடுத்து, கரண்டியைத் திரும்பப் பாத்திரத்துலயே செருகிட்டு, ஓடிப்போய் சின்னா வாயில போட்டுட்டார்.

எனக்கு இது எதுவும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஆட்டோ நின்ன சத்தம் கேட்டுது, குலைப்புச் சத்தம் கேட்கலை.

சம்பந்தியம்மா நெத்தி நிறைய விபூதியோட, கையில பிரசாதப் பையோட, கேட்டுக்கு வெளியவே நின்னு எட்டிப் பார்த்தாங்க. ரெண்டு செருப்பும் காலோட இருக்குது. உள்ளே வந்தாங்க. கட்டில்ல உட்கார்ந்தாங்க. தண்ணி கூட வாங்கிக் குடிச்சாங்க.

"நாய் எங்க சம்பந்தி, குடுத்துட்டீங்களா?"

"இல்லீங்க, இங்கதான் இருக்குது. இப்போலாம் சத்தமே போடுறதில்லீங்க."

பொய்தான். கிருத்திகையும் அதுவுமா சொன்னேன். முருகன் என் வேண்டுதலைக் கேட்டுட்டார்னு எனக்குள்ள ஒரே பூரிப்பு. இருங்க, உங்களுக்கு ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கேன்னு சொல்லிட்டு சமையலறைக்குப் போனேன்.

கரண்டியைப் பிடிச்சு எடுத்தேன். பாத்திரமும் கூடவே வந்துச்சு.

உதறிப் பார்த்தேன். வரலை. தரையில ஒரு தட்டு தட்டினேன். டங்குன்னு சத்தம் வந்துச்சு. ஜாம் இல்லை, கமர்கட்டு. பாத்திரம் மொத்தமும் ஒரே கமர்கட்டு.

அதே நேரத்துல கூடத்துல இருந்து சம்பந்தியம்மாவோட குரல் கேட்டுது. கத்தலை. ரொம்ப மெதுவா, பல்லைக் கடிச்சுக்கினு பேசுற மாதிரி கேட்டுது.

"சம்பந்தி. அப்படியே நில்லுங்க. வெளிய வராதீங்க."

வந்தேன். அவங்க கட்டில் மேல நின்னுக்கினு இருந்தாங்க, பிரசாதப் பையை நெஞ்சோட அணைச்சுக்கினு. எதிர்ல சின்னா. வாய் பாதி திறந்தபடி ஒட்டிக்கிச்சு. உதடு மேல ஏறிப் பல்லு மொத்தமும் தெரியுது. செக்கச்செவேல்னு எச்சில் நூல் நூலா நெஞ்சு வரைக்கும் ஒழுவுது. தலையை இப்படியும் அப்படியும் உதறுது. குலைக்கப் பார்க்குது, உள்ளேயே முனகுது.

நான் எப்படி வந்து நின்னேன்னும் சொல்லணும். முழங்கை வரைக்கும் சிவப்பு. கையில கரண்டி, கரண்டியோட பாத்திரம்.

அவங்க என் கையைப் பார்த்தாங்க. நாயோட வாயைப் பார்த்தாங்க. கணக்குப் போட்டுட்டாங்க.

"கடிச்சுட்டுச்சு. வெறி நாய். எச்சி ஒழுவுது, சத்தம் வரலை, எல்லாம் அதேதான். கை கழுவுங்க சம்பந்தி, சோப்பு போட்டுக் கழுவுங்க. ஊசி போடணும்."

சொல்லிக்கினே வள்ளிக்குப் போன் போட்டுட்டாங்க. நீ உங்கம்மா வீட்டுப் பக்கமே தலை வெக்கக்கூடாதுன்னு சொல்றாங்க. அந்தப் பக்கம் வள்ளி அழறது எனக்கே கேட்குது. என் பரீட்சை அந்த இடத்துலயே முடிஞ்சுபோச்சு.

அவர் ஓடி வந்தார். அது வெறி இல்லம்மா, ஜாம்னு சொன்னார். சம்பந்தியம்மா பாத்திரத்தை எட்டிப் பார்த்தாங்க. இது ஜாமா அண்ணான்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. எனக்கே அந்தச் சந்தேகம் இருந்துச்சு.

அவர் நிரூபிச்சுக் காட்டுறேன்னு பாத்திரத்து ஓரத்துல ஒட்டியிருந்த ஒரு துண்டை உடைச்சு வாயில போட்டுக் கடிச்சார்.

அதுக்கப்புறம் அவரும் பேசலை.

கையை மட்டும் ஆட்டினார். வாய் ஓரத்துல சிவப்பா ஒழுவுது. சின்னா அவரைப் பார்க்குது, அவர் சின்னாவைப் பார்க்குறார். சம்பந்தியம்மா போன்ல, "வள்ளி, உங்கப்பாவுக்கும் வந்துடுச்சும்மா" ன்னு சொன்னாங்க.

எனக்கு அழறதா சிரிக்கறதான்னு தெரியலை. விளக்கம் சொல்றதுக்கு வீட்டுல வாய் திறக்குற ஆள் நான் ஒருத்திதான் மிச்சம். நான் சொன்னா யார் நம்புவா? பாத்திரத்தைக் கீழே வெச்சேன். தேங்காயெண்ணெயும் வெந்நீரும் எடுத்துக்கினு வந்து தரையில உட்கார்ந்தேன்.

"கிட்ட போவாதீங்க சம்பந்தி, சொன்னா கேளுங்க" ன்னு கட்டில் மேல இருந்து கெஞ்சுறாங்க.

சின்னாவோட தலையைத் தூக்கி மடியில வெச்சுக்கினேன். வாயைத் தொறடா கண்ணு, அம்மாவாச்சே, ஒண்ணும் பண்ண மாட்டேன்னு சொல்லிக்கினே விரல்ல எண்ணெய் தொட்டு கடவாய்ப்பல்லுக்குள்ள விட்டேன். அது கண்ணை மூடிக்கிச்சு. கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் வெந்நீர். மேல ரெண்டு பல்லு விட்டுது. அப்புறம் கீழ. கடைசியில பல்லு அச்சோட அந்த உருண்டை மொத்தமும் என் கையில வந்து விழுந்துச்சு.

சின்னா வாயை ரெண்டு தரம் திறந்து மூடிப் பார்த்துது. அப்புறம் எழுந்து, சம்பந்தியம்மாவைப் பார்த்து, அதுவரைக்கும் சேர்த்து வெச்சதையெல்லாம் குலைச்சது. குலைச்சு முடிச்சு, திரும்ப என் மடியிலயே வந்து படுத்துக்கிச்சு.

சம்பந்தியம்மா கட்டில் மேல இருந்தபடியே என் கையில இருந்த உருண்டையை எட்டிப் பார்த்தாங்க.

"அண்ணனுக்கு?" ன்னு கேட்டாங்க சம்பந்தியம்மா.

"அவருக்குப் பல்செட்டுங்க. கழட்டி வெந்நீர்ல போட்டுக்குவார்."

அவங்க அப்போதான் சிரிச்சாங்க. கட்டில்ல நின்னபடியே சிரிச்சு, அப்படியே உட்கார்ந்தாங்க. காலை மட்டும் கீழே தொங்க விடலை. காபி வரைக்கும் சம்மணம் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தாங்க.

முருகனுக்கு நறுக்காம மிச்சமிருந்த பழத்தையே கழுவி வெச்சுக் கும்பிட்டேன். முருகன் முகத்தை நேரா பார்க்க எனக்குக் கொஞ்சம் கூச்சமா இருந்துச்சு.

சம்பந்தியம்மா அந்தப் பழத்துல கொஞ்சம் வள்ளிக்குன்னு மடிச்சு எடுத்துக்கினாங்க. சாமி பிரசாதம்னா இருமல் வராதாம். அப்புறம் மறுபடியும் வள்ளிக்குப் போன் போட்டாங்க. நான் பக்கத்துல நிக்கிறதை மறந்துட்டு என்னைப் பத்தியே பேசினாங்க.

"உங்கம்மா அது வாயில முழுக் கையை வுட்டு எடுத்தாங்கம்மா. அதுவும் பேசாம காட்டிக்கினு இருந்துச்சு. நான் பல்லியைப் பாத்தாலே கட்டில் மேல ஏறுற ஆளு. புள்ள மண்ணு துன்னுதுன்னா வாயில இருந்து எடுக்க நானா வருவேன்? துணி எடுத்து வெச்சுக்கோ. வெள்ளிக்கிழமை கொண்டாந்து வுடறேன்."

எனக்குக் கண்ணு நிறைஞ்சுபோச்சு. அவங்க கையைப் பிடிச்சுக்கினேன். என் கை இன்னும் சிவப்பாத்தான் இருந்துச்சு, அவங்க பின்வாங்கலை.

ஆட்டோவுல ஏறுறப்போ ஒரே ஒரு நிபந்தனை போட்டாங்க.

"நாய் பாட்டுக்கு இருக்கட்டும் சம்பந்தி. வள்ளி இங்க இருக்கற வரைக்கும் நீங்க ஜாம் மட்டும் செய்யாதீங்க."

உடனே ஒத்துக்கினேன். செய்யணும்னு நினைச்சாலும் முடியாது, கரண்டியோட பாத்திரம் இன்னும் தொட்டியில ஊறிக்கினு இருக்குது.