ராக்கெட் ரத்தினத்தின் உதடு

அடித்து வந்த முதல் டீசர்ட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த அருள்செல்வனுக்கு அழுகையே வந்துவிட்டது. ராக்கெட் ரத்தினத்தின் உதடு, உதடு இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது.

"என்னங்க மாஸ்டர், இப்படிப் பண்ணிட்டீங்க?"

பிரிண்டிங் மாஸ்டர் சகாயராஜ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு டீசர்ட்டைப் பார்த்தார். "எதுல சார் குறை? மயிரிழை கூட விலகலயே."

"அதானுங்க குறை. உதடு காதுல இருக்கோணும்."

திருப்பூரில் எந்தப் பிரிண்டிங் மாஸ்டரிடமும் சொல்லக் கூடாத பேச்சு அது. அதுவும் சொன்னவர் யார்? மாஸ்டர் வேலை பார்க்கிற அதே பனியன் கம்பெனியின் மெர்ச்சண்டைசர். கலர் ஒட்டவில்லை, தையல் கோணல் என்று நாள் முழுக்க அடுத்தவர் உயிரை வாங்குவதற்காகவே சம்பளம் வாங்குகிறவர். அப்பேர்ப்பட்ட ஆள் தப்பாக அடித்துத் தரச் சொல்லிக் கெஞ்சுகிறார் என்றால், காரணம் கோமேதகம் காமிக்ஸ்.

கோமேதகம் காமிக்ஸை மூடி முப்பது வருசம் ஆகிறது. சிவகாசியில் அச்சாகி, மாதம் ஒன்று என்று அட்டையிலேயே போட்டுக்கொண்டு, நினைத்தபோது வந்துகொண்டிருந்த புத்தகம். கடைசி இதழின் அட்டையில் சிவப்பு மை மட்டும் இடம் மாறி விழுந்து, துப்பாக்கியோடு நிற்கும் கதாநாயகன் ராக்கெட் ரத்தினத்தின் உதடு காதோரம் போய் உட்கார்ந்துகொண்டது. மற்றவர்கள் என்றால் அச்சுப்பிழை என்று விட்டிருப்பார்கள். ரசிகர்கள் விடுவார்களா? 'காதுவாய் இதழ்' என்று பேர் வைத்தார்கள். பதிப்பாளர் என்னவோ ரகசியம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்றார்கள். 'இனிப் பேச மாட்டேன், கேட்டுக்கொண்டிருப்பேன்' என்று விடைபெறுகிறார் என்பது கோயம்புத்தூருக்குக் குடிபோன பழைய கூட்டாளி வேல்குமாரின் கட்சி. 'காதைத் தீட்டி வையுங்கள், திரும்பி வருவேன்' என்கிறார் என்பது அருள்செல்வனின் கட்சி. இதில் இரண்டு பேரும் ஒரு தீபாவளிக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உடுமலைப்பேட்டையில் ரசிகர் கூட்டம். வருகிற எல்லோருக்கும் காதுவாய் டீசர்ட் தருகிறேன் என்று தலைவர் அருள்செல்வன் வாயை விட்டுவிட்டார். 'காதுவாய்: ஓர் ஆய்வு' என்று மைக் பிடித்துப் பேசவும் போகிறார். டீசர்ட் சொதப்பினால் தலைவர் பதவி வேல்குமாருக்குப் போய்விடும். பதவி என்றால் என்ன, கூட்டத்துக்கு டீ சொல்வதும் முதல் ஆளாகப் பேசுவதும்தான். ஆனால் அருள்செல்வனுக்கு இந்த ஜென்மத்தில் கிடைத்த ஒரே பதவி அது.

"சிவப்பு மை எறங்கற ஸ்கிரீனை மட்டும் கொஞ்சம் தள்ளி வைங்க மாஸ்டர். எனக்காகங்க."

மாஸ்டர் மனசே இல்லாமல் தள்ளி வைத்தார். கை கேட்கவில்லை. அடுத்த டீசர்ட்டில் உதடு மூக்குக்குக் கீழே வந்து, ரத்தினம் யாரிடமோ குத்து வாங்கியவன் மாதிரி நின்றான். அதற்கடுத்ததில் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது.

"பாத்தீகளா, கை அதுவாச் சரி பண்ணிக்கிருது" என்றார் மாஸ்டர். குரலில் வருத்தம் இல்லை, பெருமைதான் இருந்தது.

மாஸ்டர் டீக்குப் போன நேரம் பார்த்து அருள்செல்வன் தானே களத்தில் இறங்கினார். ஸ்கிரீன் போய் முட்டி நிற்கிற ஸ்டாப்பரைத் திருகி நகர்த்திவிட்டால், மாஸ்டர் கை எப்படிப் போனாலும் அச்சு தப்பாகத்தானே விழும்? யோசனை என்னவோ நல்ல யோசனை. திருகிய அச்சு டேபிள்தான் வேறு டேபிள். அதில் ஜெர்மனிக்குப் போகிற குழந்தைச் சட்டை ஏறியிருந்தது. சாயங்காலத்துக்குள் பாண்டா கரடிகள் வரிசையாகக் காது வழியே நாக்கை நீட்டிக்கொண்டு வந்து சேர்ந்தன.

முதலாளி சிவசுப்பிரமணியம் ஒரு சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "அருளு, இதென்ன கண்ணு, கரடிக்குப் புதுசா வியாதி?" என்று சிரித்தார். கத்தினால் கூடப் பரவாயில்லை, அவர் சிரித்தால்தான் ஆபத்து. "யார் பண்ணுனதுன்னு தெரிஞ்சாகோணும்."

அருள்செல்வன் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் முந்திக்கொண்டார். "என் டேபிள், என் தப்பு மொதலாளி. ராவு பகலா நின்னு வேற அடிச்சுத் தந்துருதேன்."

அதோடு விட்டாரா? எல்லா டேபிளின் ஸ்டாப்பரையும் இறுக்கினார், ஸ்பேனரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார், விழுகிற ஒவ்வொரு அச்சையும் லென்ஸ் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். இனி அந்த ஷெட்டில் தப்பு நடக்க வழியே இல்லை.

அருள்செல்வனுக்கு மனசு அறுத்தது. பக்கத்தில் போய் நின்றார். "நான்தானுங்க திருகுனேன்."

"தெரியும் சார். விரலெல்லாம் கிரீஸ் அப்பிக்கிட்டு நின்னீக." மாஸ்டர் லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மூடிப்போன கம்பெனி. அதுக்குப் போயி ஏன் சார் இந்தப் பாடு?"

"உடுமலை பஸ் ஸ்டாண்டு கடைல கோமேதகம் வந்துருச்சான்னு தெனமும் போய்க் கேப்போமுங்க. வரலைம்பாங்க. மறுநாளும் வரலைம்பாங்க. நானும் வேல்குமாரும் பழகுனதே அந்தக் கடை வாசல்லதானுங்க. வந்த புஸ்தகத்தை விட வராத புஸ்தகத்தைப் பத்தித்தான் நிறையப் பேசியிருக்கறோம். இப்பவும் அதையேதான் பண்றோம். அது இல்லாமப் போச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் எதுக்குங்க சந்திச்சுக்கப் போறோம்?"

உருகிவிட்டார் மாஸ்டர் என்று நினைத்து அருள்செல்வன், பிளாஸ்டிக் உறைக்குள் பொத்திப் பொத்தி வைத்திருந்த காதுவாய் இதழை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அதுவரை கம்ப்யூட்டரில் வந்த டிசைனை மட்டும் பார்த்திருந்த மாஸ்டர், அந்த அட்டையை ஒரு நிமிசம் பார்த்தார். பிறகு குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"எனக்குத் தலை சுத்துது சார். வேற ஆளப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். பாண்டாவும் நின்றது, ரத்தினமும் நின்றான்.

அந்த நேரம் பார்த்து வேல்குமாரின் போன். "ஏனுங்க தலைவரே, உதடு காதுலதானுங்களே இருக்குது? நாளைக்குக் காத்தால வந்து ஒரு பார்வை பார்த்துக்கறனுங்க."

"அம்சமா வந்திருக்குதுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அருள்செல்வன் நேராகச் செக்கிங் செக்‌ஷனுக்கு ஓடினார். மாஸ்டரின் சம்சாரம் ரோஸ்மேரிக்கு அங்கேதான் வேலை.

"அக்கா, நீங்க சொன்னாத்தானுங்க கேப்பாரு. இந்த அட்டை மாதிரியே தப்பா ஒண்ணு அடிக்கோணும். அவ்வளவுதானுங்க."

ரோஸ்மேரி கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். "இதுக்கா இந்த மனுசன் மரத்தடியில போயி உக்காந்திருக்காரு?" என்று சொல்லி, புருசனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனாள்.

"நீங்க செத்த வெளிய நில்லுங்க சார். கதவைச் சாத்திக்கிடுங்க."

அருள்செல்வன் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார். சண்டை இல்லை, சமாதானம் இல்லை. டேபிள் பக்கம் நடக்கிற சத்தம். "சும்மா இரு புள்ள, வேலை நேரத்துல" என்று மாஸ்டரின் குரல். அப்புறம் ஸ்கிரீன் ஸ்டாப்பரில் போய் டம்மென்று இடித்தது.

கதவு திறந்தது. ரோஸ்மேரி ஈரம் காயாத டீசர்ட்டை நீட்டினாள். அருள்செல்வன் பழைய அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே காது, அதே உதடு. இடித்த இடியில் ஸ்டாப்பர் நகர்ந்து நின்றிருந்தது. இனி மற்றதெல்லாம் அதே மாதிரிதான் விழும். மாஸ்டர் மட்டும் நிமிராமல் மை கலக்கிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழமை உங்களை மேடை ஏத்தறேனுங்க மாஸ்டர்" என்றார் அருள்செல்வன். "முப்பது வருசமா நாங்க தேடற ரகசியம் உங்க கைக்கு எப்படியோ தெரிஞ்சிருக்குது. அச்சுப் பிசகாம அதே இடத்துல எப்படிங்க விழுந்துச்சு?"

மாஸ்டர் மை டப்பாவை எடுத்துக்கொண்டு மூலைக்கு நகர்ந்தார். ரோஸ்மேரிதான் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ரகசியமெல்லாம் ஒண்ணுமில்ல சார், சிவகாசியில அன்னைக்கு இந்த அட்டைய அடிச்சதே இவருதான், அப்பவும் மிஷின் ஓடிக்கிட்டு இருக்கையில நான் இவரு காதுலதான் முத்தம் குடுத்தேன்."